குரோம் பம்பருக்கு விபூதி

"ஹலோ... ஹலோ, சொல்லுங்கண்ணா. ...ஆங், கேக்குது. கேக்குதுங்க. நாதஸ்வரம்தான் நல்லா கேக்குது, உங்க குரலுதான் உள்ள போயிடுச்சி. ...இருங்க, ஒரு நிமிஷம், வெளிய வந்துடறேன். இங்க பிரசங்கம் நடந்துக்கினு இருக்குது. ...ஆமா, சர்ச்சுலதான்."

எப்சிபா கடைசி பெஞ்சிலிருந்து குனிந்தபடியே எழுந்தாள். ஒரு கையில் முக்காடு, ஒரு கையில் போன். சித்தூர் சபையின் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்ததும் பின்னாலேயே புருஷன் ஜாபேஸும் வந்துவிட்டான். வேங்கடாசலம் என்ற பேர் போனில் வந்தால் அவனாலும் உள்ளே உட்கார முடியாது. எப்படி முடியும்? திருப்பதியில் வேங்கடாசலத்தின் டிராவல்ஸுக்கு இன்றைக்குப் புது ஆபீஸ் திறப்பு. வாசல் மேசையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவருடைய அப்பா, அவர் வாயில் 'நைனா', வாங்கிய முதல் பஸ்ஸின் மாடல் நிற்கிறது, இருபத்து நான்கில் ஒரு பங்கு அளவில், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக. கட்டியவள் எப்சிபா. பஸ் முதலாளிகள் அத்தனை பேரும் வருகிற இடம் அது. பார்த்துவிட்டு இரண்டு பேராவது 'எனக்கும் ஒன்று' என்று சொன்னால் இவள் வீட்டோடு இருந்து இந்தத் தொழிலையே செய்யலாம். இல்லையென்றால் நாளைக்குக் காலையில் நாயுடுபேட்டைப் பக்கம் பஸ் ஏறி, விட்டுவிட்டு வந்த அதே முலாம் கம்பெனி, அதே ஹாஸ்டல் கட்டில், ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை புருஷன் முகம். சூப்பர்வைசர் திலீப் அவளுடைய இடத்தை இன்றைக்கு வரைக்கும்தான் காலியாக வைத்திருக்கிறார்.

"இப்ப சொல்லுங்கண்ணா. பஸ்ஸைப் பாத்தாங்களா? ...இன்னும் யாரும் வரலியா. சரி. ...அந்தப் பெரிய பஸ் முதலாளி ஆதிகேசவன் சார் வந்துக்கினு இருக்காரா? ...ஆமா ஆமா, அவரு கண்ணு கூசணும்னுதானே சொன்னீங்க. கூசும். ...கூசும்ணா, அந்த பம்பர்ல டியூப்லைட்டு தெரியும், டியூப்லைட்டு மேல இருக்கற பல்லி தெரியும். மொதல்ல நான் கொஞ்சம் அடக்கமாத்தான் போட்டேன், சின்ன வண்டிக்கு நெஜ வண்டி பளபளப்பு போட்டா பொம்மையாட்டம் ஆயிடும்னு சொன்னேன், நீங்கதான் ஒத்துக்கல. ...ஆமா, போட்டோவுல அப்படித்தான் மின்னுது. ...இன்னா சின்ன விஷயம்? ...அண்ணா, நீங்க 'சின்ன விஷயம்'னு ஆரம்பிச்சா எனக்குப் பெரிய வேலையா வந்து விழுது. போன தடவை சின்ன விஷயம்னு சொல்லித்தான் பஸ்ஸு கலரையே மாத்தினீங்க."

"...பூஜையா? ...போட்டாச்சா? ...இல்ல இல்ல, தப்பே இல்ல. நீங்க பூஜை போடாம வெக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சிதானே சக்கரத்தைச் சுத்தற மாதிரி வெச்சேன். ...எலுமிச்சம்பழமா! அண்ணா, அந்த சக்கரமே எலுமிச்சம்பழம் சைஸுதானே. ...ஆங். ...ஆங். ...சுண்டைக்காயா? ...சக்கரத்துக்கு ஒரு சுண்டைக்காய். யாரு ஐடியா? ...வூட்ல செங்கமலக்காவா. அக்காவுக்கு வராத யோசனையா. ...நசுங்குச்சா? ...நசுங்கல, ஏறி இறங்கிடுச்சி. ...வண்டி கன்டிஷனா இருக்குதுன்னு ஐயரே சொன்னாரா! சந்தோஷம்ணா. ஆனா பெட்டியைத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தேனே. ...ஆமா, தொறக்காம எப்படி பூஜை. ...சரி. தொறந்துட்டீங்க. பொட்டு எங்க வெச்சீங்க? ...கண்ணாடி மேலயா. அப்பாடி. ...அப்பறம்?"

"...அப்பறம் இன்னாண்ணா? ...சந்தனம் பம்பர் மேல ஒரு துளி தெறிச்சிடுச்சி. சரி. அது ஒண்ணும் பண்ணாது. தொடைக்கலியே? ...அண்ணா. தொடைக்கலன்னு சொல்லுங்க."

லேட்டாக வந்த சபை ஆன்ட்டி ஒருத்தர் அவள் முன்னால் நின்றார்.

"...ஸ்தோத்திரம் ஆன்ட்டி. நல்லா இருக்கேன். ...அழல ஆன்ட்டி, வெயிலு. ...நீங்க சொல்லுங்கண்ணா."

"...புதுத் துணியிலதான் தொடைச்சீங்களா. புதுத் துணின்னா அதுக்குத் தெரியுமா? ...மங்கிடுச்சி. மங்கும். அதோட விட்டீங்களா? ...அக்காவா? அக்கா இன்னா பண்ணாங்க? ...விபூதியா?"

ஊரில் எல்லோருக்கும் கோபம் வந்தால் குரல் ஏறும். எப்சிபாவுக்கு இறங்கும். ஜாபேஸுக்கு அது தெரியும். ஓரடி பின்னால் போய் நின்றுகொண்டான்.

"விபூதி போட்டுத் தேய்ச்சாங்க. ...குத்துவிளக்கு தேய்க்கற மாதிரி. ...வெள்ளி குத்துவிளக்கு. ஆங். புரியுதுண்ணா, நல்லாவே புரியுது. ...போனை அக்காகிட்ட குடுங்க. ...திட்டல. நான் எதுக்குத் திட்டப் போறேன், ஞாயித்துக்கிழமையும் அதுவுமா. குடுங்க."

"செங்கமலக்கா? ...அழாதீங்க. ...மொதல்ல தள்ளி வந்து அழுங்க, அது மேல விழப் போவுது. ...ஆமா. ...ஆமா, துணியில கறுப்பா வந்துச்சா? ...ஆமாங்க்கா, வெள்ளியைத் தேய்ச்சா கறுப்பா வரும், கறுப்பு வந்தா அழுக்கு போவுதுன்னு அர்த்தம். எங்க அம்மாவும் அதைத்தான் சொல்லுவாங்க. ...அதனால இன்னும் கொஞ்சம் அழுத்தினீங்க. ...இன்னும் கறுப்பு வந்துச்சி. ...வரும்க்கா. வந்துக்கினே இருக்கும். அது அழுக்கு இல்ல."

"...வெள்ளி இல்லக்கா. இரும்பும் இல்ல. பிளாஸ்டிக்கு. ...ஆமா, தயிர் டப்பா இருக்குதே, அந்த ஜாதிதான். அது மேல கறுப்பு லாக்கர் பெயின்ட்டு. மை மாதிரி கறுப்பு. அந்தக் கறுப்பு கண்ணாடியாட்டம் வந்தாத்தான் மேல போடற குரோம் குரோமா இருக்கும். நடுவுல ஒரு தூசி விழுந்தா தேய்ச்சிட்டு மறுபடியும் மொதல்ல இருந்து. ஃபேனைப் போடல, ஜன்னலைத் தொறக்கல, எங்க வூட்டுக்காரரை அந்த ரூமுப் பக்கம் தும்மக்கூட விடல. ...சிரிங்க, பரவால்ல. அதுக்கு மேலதான் குரோம். அது பிரஷ்ல தீட்டறது இல்லக்கா, சின்ன ஸ்ப்ரேல ஊதறது. கண்ணாடி முன்னாடி நின்னு வாயால ஆவி விட்டா படியும் பாருங்க, அம்மாம் மெல்லிசு. ஒரு தடவை கூட ஊதிட்டா அலுமினியக் குண்டான் ஆயிடும். ...வார்னிஷா? போட முடியாதே. போட்டா பளபளப்பு அப்படியே செத்துப் பூடும். அதனாலதான் கை வெக்காதீங்க கை வெக்காதீங்கன்னு ஜெபம் மாதிரி சொல்லிக்கினு இருந்தேன். ...நீங்க அழுக்குன்னு நெனச்சீங்களே, அந்தக் கறுப்புதாங்க்கா அத்தினி பளபளப்புக்கும் அடி."

"...பரவால்ல. ...பரவால்லன்னு சொல்றேனே. இப்ப பாத்து சொல்லுங்க, எவ்ளோ போயிருக்குது? ...நடுவுல மட்டுமா. ரெண்டு ஓரமும் இருக்குதா? ...இருக்குது. அப்ப ஒண்ணு பண்ணுங்க, பஸ்ஸைத் திருப்பி, பின்பக்கம் வாசலைப் பாக்கற மாதிரி... ஏன்? ...பின்னாடி பம்பரையும் தேய்ச்சீங்களா? ...முன்னாடி ஒரு மாதிரி, பின்னாடி ஒரு மாதிரி இருக்கக் கூடாதுன்னு. ...ஆங். ...நல்லதுக்கா."

நாலு வருஷம் அவள் வேலையே பம்பரில் கீறல் தேடுவதுதான். கம்பெனியில் முலாம் பூசி வருகிற நிஜ பம்பரை லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடிப்பாள். ஊசிமுனை அளவு கீறல் தெரிந்தால் சிவப்பு ஸ்டிக்கர், ஓரம் கட்டு. அவள் கண்ணுக்குப் பயந்து மூன்றாவது ஷிப்டுக்காரர்கள் பம்பரைக் குழந்தை மாதிரி தூக்கி வருவார்கள். அப்பேர்ப்பட்டவள் இப்போது, கறுத்துப்போன பம்பரை எதைப் போட்டு மூடலாம் என்று யோசித்துக்கொண்டு சபைக் காம்பவுண்டில் நிற்கிறாள்.

"...சாக்லெட் பேப்பரு ஒட்டலாம்க்கா, ஒட்டறதுண்டு. ஆனா அதுக்குப் பழகின கை வேணும். வேணாம். ...அண்ணா இன்னா சொல்றாரு? ...கேட்டுக்கு அடிக்கற சில்வர் பெயின்ட்டா! கைல டப்பாவோட நிக்கறாரா? வேணாம்! பிடுங்குங்க அதை. ...அங்க யாரோ 'பாகுந்தி பாகுந்தி'ன்னு மெச்சிக்கினே கிட்ட வராங்களே. யாருங்க, முட்டுகோவத்தண்டி! தொடாதீங்க! ...ஆங், சொல்லுங்க அவங்ககிட்ட."

"ஜாபேஸ், வண்டியை எடு. வூட்டுக்குப் போயி, ஃப்ரிட்ஜு மேல பிஸ்கட் டப்பா இருக்குது, அதுல ஸ்பேர் பம்பர் ஒரு ஜோடி. மூடியைத் தொறக்காதே, ஆட்டாதே, பாக்கணும்னு ஆசைப்படாதே. ...கடைசி ஆசீர்வாத ஜெபம் முடியற வரைக்கும் நின்னா இங்க ஒண்ணும் மிச்சம் இருக்காது. போ."

"...அக்கா, அண்ணாகிட்ட குடுங்க. ...அண்ணா, கேளுங்க. ஸ்பேர் இருக்குது. நானே ரிஜெக்ட் பண்ணது, ஓரத்துல ஒரே ஒரு தூசி, என் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். கொண்டாந்து மாட்டிடறேன். அது வரைக்கும் பூ வெச்சி மறைங்க. ...ரோஜா மாலையைப் போட்டா பஸ்ஸே காணாம பூடும். கதம்பம். ஒரு சாண் கிள்ளி, பம்பர் மேல சும்மா வெய்யுங்க. இழுக்காதீங்க. பின்னாடியும் ஒரு சாண். ...வெச்சாச்சா? எப்படி இருக்குது? ...கல்யாண வண்டியாட்டமா. இருக்கட்டும், இன்னிக்கி அதுவே பெருசு."

"...வந்துட்டாரா! அதுக்குள்ளயா? ...பேச்சு குடுத்துக்கினே இருங்க. டிபன் துன்னுட்டு வந்து பாக்கலாம்னு சொல்லுங்க. ...வேணாம்னுட்டாரா. ...நேரா பஸ்ஸுகிட்டயே போயிட்டாரா. ...பூவை... ...எடுக்கறாரா? எடுத்துட்டாரா? ...இன்னா பண்றாரு இப்ப? ...குனிஞ்சி பாக்கறாரு. ...இன்னும் குனிஞ்சிக்கினே இருக்காரா. ...இன்னா சொல்றாரு? ...சிரிக்கறாரா?"

கேட்கவே வேண்டாம், சிரிப்பு திருப்பதியிலிருந்து சித்தூருக்கு நேராக வந்துகொண்டிருந்தது. ஒருத்தர் சிரிப்பில்லை, கூட்டமாக. எப்சிபா போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பவும் வைத்தாள்.

"கேக்குதுண்ணா. நீங்க சொல்ல வேணாம், எனக்கே கேக்குது. ...ஜாபேஸ், வண்டியை ஆஃப் பண்ணு. ...ஆஃப் பண்ணுன்றேன். வேணாம், போவ வேணாம். சாயங்காலம் அந்தப் பெரிய பேக்கை மட்டும் பரண்லேருந்து எடுத்துக் குடு, துணி வெக்கணும். ...திலீப் சார்கிட்ட நானே பேசிக்கறேன். ...அண்ணா, உங்களைத்தான் நான் நல்லா தலைகுனிய வெச்சிட்டேன். ...யாரு, ஆதிகேசவன் சாரா? என்கிட்ட பேசணுமா? எதுக்குண்ணா, வேணாம், குடுக்காதீங்க, நான் அப்பறமா... ஹலோ. ...வணக்கம் சார். ...ஆமா சார், எப்சிபாதான் பேசறேன். மன்னிச்சிக்கங்க சார், அந்த பம்பரு... ...இன்னாது? ...இல்ல சார், அது நான்... ...உங்க காலா?"

"...அந்த பஸ்ல நீங்க கிளீனரா இருந்தீங்களா! ...தெரியாது சார். அவரு சொல்லவே இல்ல. இப்ப உங்களுக்கு ஊர்ப்பட்ட பஸ்ஸு, அதை மட்டும்தான் சொன்னாரு. ...ஆங். ...வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி தெனமும் பம்பர் மேல ஏறி நின்னு முன் கண்ணாடி தொடைக்கறது. ...ஆமா, ரெண்டு பக்கமும் கை எட்டணும்னா நடுவுலதான் நிக்கணும். ...நின்னு நின்னு அந்த எடத்துல மட்டும் குரோம் போயி கறுத்துடுச்சி. ...பின்னாடி பம்பர்ல, மேல மூட்டை ஏத்த ஏணியில ஏறும்போது கால் வெக்கற எடம். ...அதுவும் அதே மாதிரி இருக்குதா?"

"...சார், நான் பொய் சொல்லக் கூடாது, சர்ச்சு வாசல்ல நிக்கறேன். அது நான் பண்ணது இல்ல. நான் பளபளன்னுதான் பண்ணேன். செங்கமலக்காதான் விபூதி போட்டு... ...தன்னடக்கமா? இல்ல சார்! ...நெஜமாவே விபூதிதான். ...சிரிக்காதீங்க சார். ...தொழில் ரகசியமெல்லாம் ஒண்ணும் இல்ல. ...யாரும் எனக்குச் சொல்லல, பழைய போட்டோவுலயும் பாக்கல, எப்படிக் கண்டுபிடிச்சேன்னா... நான் கண்டே பிடிக்கல சார்! ...நீங்க நம்பவே மாட்டீங்க. சரி, அப்படியே வெச்சிக்கங்க."

இதுதான் அவளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு. ஜன்னலை மூடி, ஃபேனை நிறுத்தி, வியர்த்து ஊற்றி ஊதின குரோமைப் பற்றி ஆதிகேசவன் வாய் திறக்கவில்லை. அது போன இடத்தைத்தான் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"...யாரு? வேங்கடாசலண்ணாவா? ஏன்ணா கத்தறீங்க? ...ஆமா, அது உங்க நைனா பஸ்ஸுதான், இல்லன்னு யாரு சொன்னா? ...உங்க நைனா பஸ்ல அவரு காலு எதுக்குன்னு என்னைக் கேட்டா? உங்க வூட்டம்மாதானே வெச்சாங்க, நானா வெச்சேன்? ...சரி, கோவப்படாதீங்க. ஸ்பேரைக் கொண்டாரேன், மாத்திடலாம். கண்ணு கூசற மாதிரியே மாத்திடலாம். ...மாத்தக் கூடாதுன்றாரா? ...ஒவ்வொருத்தரா பேசுங்கண்ணா. ரெண்டு பேரும் சேந்து பேசினா ஏலம் போடற மாதிரி இருக்குது. ...பஸ்ஸு யாரு கையில இருக்குது? ...ரெண்டு பேரு கையிலயுமா! கீழ வெய்யுங்க! ...வெய்யுங்கன்றேன். மெதுவா. ...ஆங்."

"...ஆதிகேசவன் சார், கேளுங்க. அந்தத் தேஞ்ச பம்பர் ரெண்டையும் கழட்டி உங்ககிட்டயே குடுத்துடறேன். அண்ணாவுக்குப் புதுசு மாட்டிடறேன். அவங்க நைனா வாங்கின அன்னிக்கி எப்படி இருந்துச்சோ அப்படி. அவரு ஆசை அதானே. ...ஆமா, பம்பரை மட்டும் தனியா வெச்சிக்கினு இன்னா பண்ணுவீங்க. உண்மைதான். நான் ஒரு பேச்சுக்கு... ...இன்னா சொன்னீங்க? ...அந்த பம்பருக்கு ஏத்த மாதிரி... ...பஸ்ஸா? முழு பஸ்ஸா சார்?"

ஜாபேஸ் ஸ்கூட்டரிலிருந்து இறங்கிக் கிட்டே வந்தான். அவள் கையைக் காட்டி அங்கேயே நிற்கச் சொன்னாள். பேசினால் கலைந்துவிடும் போல இருந்தது.

"...ஆங். ...பலமனேர் மேட்டுல ஏறி ஏறி பக்கமெல்லாம் புகை படிஞ்சது. ...ஜன்னல் கம்பியில பெயின்ட்டு போனது. ...படிக்கட்டுல தகரம் பிஞ்சி, உங்க வேட்டியைக் கிழிச்சது. அதுவும் வேணுமா? ...சரி சார், கிழிக்கற மாதிரியே வெக்கறேன். ...பக்கத்துல யாரு பேசறாங்க? ...அவருக்கும் ஒண்ணா? ...இன்னா வண்டி? ...எப்படி வேணுமாம்? ...முன் லைட்டு ஒண்ணு உடைஞ்சி, சணல் கயிறு போட்டுக் கட்டினது. ...அவருக்கும் பளபளன்னு வேணாமா? ...யாருக்குமேவா சார்? ...இல்ல, வருத்தம் ஒண்ணும் இல்ல. கத்துக்கினது வீணாப் பூடுச்சேன்னு பாத்தேன். ...ஒரு நிமிஷம், இன்னொரு கால் வருது."

திலீப் என்று பேர் வந்து மின்னிக்கொண்டிருந்தது. ஜாபேஸ் எட்டிப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். உள்ளே பிரசங்கம் முடிந்து பாட்டு ஆரம்பித்திருந்தது. அவள் மின்னுகிற பேரைக் கட்டை விரலால் தள்ளிவிட்டாள்.

"...இருக்கேன் சார், சொல்லுங்க. ...கம்பெனிலேருந்து. கீறல் இருக்குதான்னு பாக்கறதுக்கு ஆள் வேணுமாம். நாளைக்கு வரலன்னு அப்பறமா மரியாதையா சொல்லிக்கறேன். ...ஆங், நம்ம விஷயத்துக்கு வாங்க. அவசரப்பட்டா முடியாது சார். புதுசா குரோம் போட்டு, அதுக்கப்பறம் நானா தேய்ச்சாத்தான் மத்ததெல்லாம் இதே மாதிரி வரும். தேய்க்கணும்னா எனக்குத் தெரியணும். மொதல்ல எந்தக் காலை வெப்பீங்க? ...வலது. அப்ப வலது பக்கம் கொஞ்சம் கூட தேஞ்சிருக்கும். ...ஏறினதும் திரும்பி நிப்பீங்களா, நேரா நிப்பீங்களா? ...ஆங். ...செருப்போட ஏறுவீங்களா, வெறுங்கால்லயா? ...இல்ல சார், செருப்புன்னா கீறல் கீறலா விழும், வெறுங்கால்னா மழமழன்னு தேயும். அதுக்குத்தான் கேக்கறேன்."

"...சார்? ...அப்ப செருப்பே கெடயாதா? ...ஆங். ...வெறுங்காலு. ...சரிங்க சார். அப்ப கீறல் வேணாம். ...வெயில் காலத்துல அந்த குரோம் தோசைக்கல்லாட்டம் சுடுமே சார், எப்படி... ...சரி. ...சரிங்க சார், கேக்கல. ...வெச்சிடறேன்."